பாறை மேல் வைத்த தராசு

போன மாதம் என்னை லேபுக்குக் கூப்பிட்டீர்கள். சால்வை போட்டீர்கள், காபி கொடுத்தீர்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். நானும் பேசத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் பேசாமலே கிளம்பிவிட்டேன், சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. சாருக்கு என்ன கோபம் என்று உங்களில் இரண்டு மூன்று பேர் போன் செய்து கேட்டீர்கள். போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அளவீடு தவறினால் காரணத்தைப் பதிய உங்கள் புதிய சாப்ட்வேரில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். தட்டினால் விரிகிறது. முதல் வரி என்ன? 'ஆபரேட்டர் எர்ரர்'. அதற்குக் கீழே வெப்பம், ஈரப்பதம், மின்சாரம். 'டிசைன் எர்ரர்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். இல்லை. சரி, தோன்றியதை எழுத ஒரு வெற்றுக் கட்டமாவது உண்டா? அதுவும் இல்லை. "ரிமார்க்ஸ் கட்டத்த எடுத்துட்டோம் சார். யாரும் உருப்படியா எதுவும் எழுதறதில்ல" என்று உங்களில் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த 'ஆபரேட்டர் எர்ரர்' என்ற வரியைப் பழைய படிவத்திலிருந்து அடிக்க வைத்தவன் நான். சும்மா அடிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே இருந்த ஒரு பெண்ணின் பெயருக்கு அடியில் என் கையெழுத்தைப் போட்டு, அப்புறம் பட்ட அவமானத்தில்தான் அடித்தேன்.

அந்தப் பெண் சித்ரா. இலுப்பூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அப்பா விவசாயி. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து விராலிமலைப் பக்கம் இருக்கும் நம் லேபுக்கு வரும். அப்போது நான் அங்கே டிசைன் தலைவர். மற்ற அளவுகளைச் சரிபார்க்க உதவும் நியம மின்தடைகள், நியம எடைகளை ஒப்பிடும் கருவிகள் எல்லாம் என் மேஜையிலிருந்துதான் வெளியே போகும். ஒரு கிலோ எடைக்கல் இரண்டை ஒப்பிட்டு, அவற்றுக்கு இடையே தூசியளவு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிவிடும் தராசு ஒன்றை அந்த வருடம் செய்தேன். எடையின் பெரும்பகுதியை எதிர்எடை தாங்கிக்கொள்ளும். மிச்ச வித்தியாசத்தை ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் தாங்கும். அந்த மின்சாரத்தை நம் சொந்த நியம மின்தடை வைத்து அளப்போம். எடையும் மின்சாரமும் ஒரே கருவியில் கைகோர்க்கிற வேலை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை அதன் பீடம். இந்தப் பக்கம் இரண்டு முழம் தோண்டினால் பாறை. "மண்ணு மேல வேணாம், பாறை மேலயே பீடத்த எழுப்புங்க. பூமியே அசைஞ்சாத்தான் நம்ம தராசு அசையும்" என்று கொத்தனாரிடம் சொன்னேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சோதனை ஓட்டம் தொடங்கியது. வெயில் ஏறுவதற்கு முன் காலையில் மட்டும்தான் அளப்போம். ஆபரேட்டர்கள் இரண்டு பேர். ஒரு வாரம் சித்ரா, அடுத்த வாரம் ராஜ்குமார். ராஜ்குமார் வாரத்தில் தராசு சொக்கத் தங்கம். சித்ரா வாரத்தில் அளவுகள் கன்னாபின்னா என்று சிதறும். மறுபடி ராஜ்குமார், மறுபடி நல்ல அளவு. மறுபடி சித்ரா, மறுபடி சிதறல். இப்படியே இரண்டு மாதம் போனது.

நான் ஒரு வரைபடம் போட்டேன். ராஜ்குமாருக்கு நீலம், சித்ராவுக்குச் சிவப்பு. நீலப் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில். சிவப்புப் புள்ளிகள் வைக்கோலை உதறிப் போட்ட மாதிரி. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன சார் வேணும்? பொண்ணோட கைதான்" என்றார்.

எந்தக் கை? அதைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன். எடைக்கற்களை மாற்றி மாற்றி வைப்பது மோட்டார். காலையில் ஒருமுறை இடுக்கியால் கற்களைத் தட்டில் வைத்து, கண்ணாடிக் கூண்டை மூடி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அந்தப் பெண் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கருவியைப் பெற்றவன் நான். கை அங்கே போகவே போகாது என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? உடம்புச் சூடு, துணியின் நிலைமின்சாரம், ஈரப்பதம் என்று புத்தகத்தில் உள்ள காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேனேஜருக்குக் கொடுத்தவனும் நானே.

அவர் அதை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! முதலில் வளையலைக் கழற்றச் சொன்னார். கழற்றியது. அடுத்து பவுடர் போடாதே என்றார். விட்டது. துப்பட்டா பாலியஸ்டர், அதனால்தான் என்றார். பருத்திக்கு மாறியது. பூவில் ஈரம் இருக்கிறது, தலையில் வைத்துக்கொண்டு வராதே என்றார். பூ இல்லாமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்ற ஒரே பதில். ஒவ்வொன்றுக்குப் பிறகும் புள்ளிகள் அதேபோல் சிதறின. கடைசியில் கை நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மேனேஜர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ராஜ்குமார் கையில் இரும்புக் காப்பு, விரலில் இரண்டு மோதிரம், தலையில் வாசனை எண்ணெய். அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. அவன்மேல் தப்பு சொல்லவில்லை, அவன் பாட்டுக்கு வேலை பார்த்தான். நம் கண் அவன் பக்கம் திரும்பவே இல்லை என்பதைச் சொல்கிறேன்.

சித்ரா சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். நோட்டில் அளவுகளுக்குப் பக்கத்தில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. சித்ரா வாரங்களில் தினமும் அதில் ஒரே மாதிரி எழுதியிருக்கும்: 'காலை த்ரீ பேஸ். தோட்டத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது.' நான் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சத்தம் போட்டேன்.

"இது லேப் ரெக்கார்டும்மா. விவசாய டைரி இல்ல."

"கம்ப்ரசர் ஓடுறப்பதான் சார் அளவு ஆடுது. அதான் எழுதுனேன்."

பக்கத்தில் நின்ற மேனேஜர் கடகடவென்று சிரித்தார். "அங்கிட்டு அரை கிலோமீட்டர் தள்ளி ஓடுற கம்ப்ரசருக்கும், இங்கிட்டு கூண்டுக்குள்ள இருக்க தராசுக்கும் என்னம்மா சம்பந்தம்? நாளைக்கு மாடு கத்துச்சுன்னு எழுதுவியா?"

நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்குச் சிரிக்கத் தைரியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதிர்வு உண்டா என்று பீடத்தை ஏற்கெனவே சோதித்திருந்தேன். திருச்சியிலிருந்து அதிர்வுமானியை இரவல் வாங்கி, ஒருநாள் காலை முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு துளி அசைவில்லை. 'அதிர்வு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு நாள்! நான் எழுதியதை நானே சந்தேகப்படுவதா என்ற திமிர்.

வாடிக்கையாளர் லேபின் அதிகாரி நேரில் வந்து தராசை ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் நாள் நெருங்கியது. அதற்குள் காரணம் சொல்லியாக வேண்டும். படிவம் வந்தது. முதல் வரி, ஆபரேட்டர் எர்ரர். மேனேஜர் டிக் அடித்து, கீழே சித்ராவின் பெயரை எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதக் கடைசியோடு சித்ராவுக்குப் பயிற்சிக்காலம் முடிகிறது. நிரந்தரம் கிடையாது, வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடலாம் என்று முடிவாகி, அதுவரை பேக்கிங்கில் பெட்டிக்கு ஆணி அடிக்க அனுப்பிவிட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'கை நடுங்குற பொண்ணு' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் திருச்சியிலும் சரி, மதுரையிலும் சரி, எந்த லேபும் கதவைத் திறக்காது. வேலை மட்டும் போகவில்லை, படித்த படிப்பே போகிறது. ஒரு படிவத்தில் ஒரு டிக்!

சித்ராவை அனுப்பிய திங்கட்கிழமை. முந்தின வாரமும் ராஜ்குமார்தான், சித்ரா இல்லாததால் இந்த வாரமும் அவன்தான். காலை ஒன்பதரை மணிக்கு என் மேஜைக்கு ஓடி வந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சார், அளவு ஆடுது. அந்தப் பொண்ணுக்கு ஆடுன மாதிரியே ஆடுது. நான் ஒண்ணுமே பண்ணல சார், சத்தியமா!"

போய்ப் பார்த்தேன். நீலப் புள்ளிகள் சிவப்புப் புள்ளிகள் மாதிரி சிதறிக் கிடந்தன. பழைய நோட்டை எடுத்தேன். அளவுகளைப் பார்க்கவில்லை, முதல்முறையாக ரிமார்க்ஸ் கட்டத்தைப் படித்தேன். சித்ரா வாரம், காலை த்ரீ பேஸ். ராஜ்குமார் வாரங்களில் கட்டம் காலி. நேராக பேக்கிங்குக்குப் போனேன். கையில் சுத்தியலோடு நின்றது அந்தப் பெண். எடைக்கல் இடுக்கி பிடிக்கிற கை.

"சித்ரா, த்ரீ பேஸ் கணக்கு என்னம்மா? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னது.

"தோட்டத்து மோட்டாருக்கு நாள் முழுக்கவா சார் கரண்டு வருது? இந்த ஏரியாவுக்கு ஒரு வாரம் காலையில த்ரீ பேஸ் வரும், மறுவாரம் மத்தியானத்துக்கு மேல வரும். திங்கக்கெழமை மாறும். என் டூட்டியும் திங்கக்கெழமைதான் மாறுது. எனக்கு டூட்டி விழுற வாரமெல்லாம் காலைக் கரண்டு. சின்னையா தோட்டத்துல போர்ல தண்ணி கீழ போயிருச்சு, கம்ப்ரசர் வச்சுத்தான் எடுக்குறாரு. அது டொக்கு டொக்குன்னு இடிக்கும்."

"இடிக்கட்டும். அரை கிலோமீட்டர் தள்ளி இடிக்கிறது இங்க எப்படிம்மா வரும்? பீடம் பாறை மேல நிக்குது."

"அதான் சார். அதே பாறதான அங்கயும் போகுது? எங்க ஊர்ல பாறை மேல கடலை காயப் போட்டுட்டு, பக்கத்துல தண்ணிக் கொடத்த வச்சிருப்போம். எங்கயோ கம்ப்ரசர் ஓடுனா இங்க கொடத்துல தண்ணி சிலுசிலுன்னு ஆடும். மண்ணுல வச்சா ஆடாது. நீங்க மண்ணு மேல கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது சார்."

கேண்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வரச் செய்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பீடத்தின் மேல் வைத்தோம். விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. அந்த வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது. டொக்கு, டொக்கு, டொக்கு. ராஜ்குமாரைத் தோட்டத்துக்கு அனுப்பி, கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னோம். கரண்டு நின்றதும் அவன் போன் செய்தான். தட்டில் இருந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. நான் அதிர்வுமானி வைத்த நாள், மத்தியானக் கரண்டு வாரம். அவ்வளவுதான் கதை.

எத்தனை படிப்பு, எத்தனை கருவி! இரண்டு விஷயங்கள் ஒரே திங்கட்கிழமை மாறின. ஒன்று ஆள், இன்னொன்று கரண்டு. நான் ஆளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? அந்த ஆள் என் முன்னால் கைகட்டி நின்றது. திருப்பிப் பேச வழியில்லாத ஆள். அறிவியல் என்று நான் நினைத்துக்கொண்டது இதைத்தான். வெட்கக்கேடு.

மேனேஜரிடம் ஓடினேன். அவர், "நல்லதாப் போச்சு. அதிகாரி வர்ற அன்னிக்கு அந்தத் தோட்டக்காரர மட்டும் கம்ப்ரசர நிறுத்தச் சொல்லுவோம். தராசு பாஸ் ஆயிரும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போனார். சின்னையா வரப்பில் நின்று மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு ரெண்டு மணி நேரந்தாங்க. பெரிய அதிகாரி வர்றாங்க."

"நல்லா இருக்குங்களே ஒங்க நாயம்! வர்றதே கொஞ்ச நேரக் கரண்டு. பூ எடுக்குற நேரத்துல கடலைக்குத் தண்ணி காட்டாம விட்டா என்னத்துக்கு ஆவும்? ஒங்க தராசுக்கு ஒடம்பு சரியில்லன்னா அதுக்கு வைத்தியம் பாருங்க. என் மோட்டார ஏங்க நிறுத்தச் சொல்றீங்க?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. திரும்பி வரும்போது மேனேஜரிடம் சொன்னேன், "அதிகாரிகிட்ட உள்ளத அப்படியே சொல்லப்போறேன். அந்தப் படிவத்த மாத்தணும். சித்ராவ லேபுக்குத் திருப்பணும்."

அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டார். "டிசைனே தப்புன்னு வெளிய சொல்லுவீங்களா? கம்பெனி பேரு என்ன ஆகறது? ஒங்க பேரு என்ன ஆகறது? பீடத்த அப்புறமா சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம். அந்தப் பொண்ணு படிவம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும் சார். அதுக்கு என்ன, கல்யாணம் ஆனா எப்படியும் வேலைய விட்டுரும்."

பிள்ளைகளே, நான் சாதுவான ஆள் என்றுதான் அதுவரை பேர். அன்றைக்கு அந்த ரோட்டில், போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அவரைப் பார்த்துக் கத்தியதில் பாதி எனக்கும் சேர்த்துத்தான். இறங்கி நடந்தே லேபுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். வயதான அம்மா, பேச்சு கம்மி. காலைக் கரண்டு வாரம். தராசுக்கு முன்னால் தண்ணீர்த் தட்டை வைத்து, நடுக்கத்தைக் காட்டி, என் தப்பு என்று சொன்னேன். மேனேஜர் மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தட்டை உற்றுப் பார்த்தார்.

"வைப்ரேஷன் எத்தன நாள் அளந்தீங்க?"

"ஒரு நாள், மேடம்."

"ஒரே நாளா?" என்று கேட்டுவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். ரிமார்க்ஸ் கட்டத்தில் விரல் நின்றது. "இத எழுதுனது யாரு?"

பேக்கிங்கிலிருந்து சித்ராவைக் கூப்பிட்டு வந்தோம். மரத்தூள் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்தது.

"ரெண்டு மாசமா தெளிவா எழுதி வச்சிருக்கியேம்மா. பின்ன ஏன் யாரும் படிக்கல?"

சித்ரா என்னையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. "தெரியலங்க மேடம்" என்றது. எங்களைக் காட்டிக்கொடுக்காத அந்த ஒரு வார்த்தை எனக்குச் செருப்படியைவிட வலித்தது.

தராசை அவர் அன்றைக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். படிவத்தில் சித்ராவின் பெயரை அடித்து, 'காரணம்: வடிவமைப்பாளர். ஒரு நாள் அளந்துவிட்டு முடிவு செய்தது' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ராஜினாமா செய்துவிடுவேன், இந்தப் படிவம் நிர்வாகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றேன். போனது. அந்த முதல் வரியையும் படிவத்திலிருந்து அடிக்க வைத்தேன். எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. வரக் கூடாதுதான். மேனேஜருக்கு வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பீடத்தைப் பாறையிலிருந்து பிரித்து, குழி வெட்டி மணல் நிரப்பி, ரப்பர் அடுக்கு வைத்து மறுபடி கட்டினோம். வெள்ளிக்கிழமை நிற்க வேண்டிய பெண், வேலை நிரந்தரமாகி ஒரு திங்கட்கிழமை லேபுக்குத் திரும்பியது. காலைக் கரண்டு வாரம். கதவைத் திறந்து உள்ளே வந்தபோது பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். தலையில் இரண்டு முழம் மல்லிகை. நெற்றியில் பவுடர்கூடத் தெரிந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை, எந்த வாயால் கேட்பேன்? கற்களை வைத்தது, கூண்டை மூடியது, பொத்தானை அழுத்தியது, தள்ளிப் போய் உட்கார்ந்தது. புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து விழுந்தன.

அந்த நோட்டு இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, பச்சை அட்டை போட்டது. அந்தப் பட்டியலின் முதல் வரியை எடுங்கள், வெற்றுக் கட்டத்தைத் திரும்ப வையுங்கள். அதற்குப் பிறகு கூப்பிடுங்கள், வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன். ஏன் எடுக்க வேண்டும் என்று இன்னும் யாராவது கேட்டால், அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ரிமார்க்ஸ் கட்டத்தில், மணி மணியான எழுத்தில், சித்ரா எழுதி வைத்திருக்கிறது:

'காலை த்ரீ பேஸ். கம்ப்ரசர் ஓடுகிறது. வளையல் போட்டிருக்கிறேன். பூ வைத்திருக்கிறேன். அளவு சரி.'